பஸ்ஸர் கத்துச்சு... யாருக்குக் கேட்டுச்சு?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பதிவு. "ஐயோ சர்க்யூட்டா!"ன்னு அலறி அடிச்சு ஓடிராதீங்க. சர்க்யூட் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எங்க அப்பாகிட்ட நான் அசிங்கப்பட்ட கதை.

எலெக்ட்ரானிக்ஸ் கத்துக்க ஆரம்பிக்கிற யாரும் முதல்ல ஒரு எல்ஈடியை மின்ன வைப்பாங்க. ரெண்டாவது, பஸ்ஸரைக் கத்த வைப்பாங்க. ஆர்டுயினோ கிட் வாங்கினா உள்ள கண்டிப்பா ஒண்ணு ரெண்டு பஸ்ஸர் இருக்கும். கறுப்பு டப்பி, ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்னது, நடுவுல ஓட்டை. அதையே ஒரு குட்டிப் பலகையில மாட்டி, மூணு காலோட வித்தா அதுக்குப் பேரு பஸ்ஸர் மாட்யூல். சென்னை ரிச்சி தெருவுல கேட்டா ஒரு பிளேட் பஜ்ஜி காசுக்குக் கிடைக்கும்.

இதை எப்படி மாட்டுறதுன்னு சொல்லித்தர ஆயிரம் பேரு இருக்காங்க. இந்தச் சத்தம் யாரு காதுக்காகன்னு யோசிக்கச் சொல்லித்தர ஆளு கம்மி. நான் இன்னிக்கு சொல்ல வந்தது இவ்வளவுதான். நேரமில்லாதவங்க இப்படியே கிளம்பலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

இருக்கிறவங்களுக்கு, விலாவாரியா.

முதல்ல, புதுசா வர்றவங்க எங்கெங்க வழுக்கி விழுவாங்கன்னு சொல்லிடறேன். எல்லாமே நானே விழுந்து எந்திரிச்ச இடங்கதான்.

ஒண்ணு, பஸ்ஸர்ல ரெண்டு சாதி இருக்கு. ஆக்டிவ், பாஸிவ். ஆக்டிவ் வகைக்குள்ளயே அலை உண்டாக்குற சர்க்யூட் இருக்கு. 5 வோல்ட் கொடுத்தாப் போதும், ஒரே சுருதியில் "பீஈஈ"ன்னு கத்தும். வேற சுருதி வராது. பாஸிவ் வகைக்குள்ள அது கிடையாது. நாமதான் நொடிக்கு இத்தனை தடவைன்னு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கணும். கொடுத்தா ச-ரி-க-ம கூட வாசிக்கும். பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூணு பென்சில் செல்லைக் கோத்து ஒரு நொடி தொட்டுப் பாருங்க. விடாமக் கத்தினா ஆக்டிவ். "டிக்"னு ஒரு சத்தத்தோட அடங்கிட்டா பாஸிவ். பாஸிவ்ல ரொம்ப நேரம் அழுத்தி வைக்காதீங்க, உள்ள இருக்கிற காயில் சூடாகும். கிட்ல வர்ற பலகைகள்ல கேஒய்-012ன்னு போட்டிருந்தா ஆக்டிவ், கேஒய்-006ன்னு போட்டிருந்தா பாஸிவ். ஆக்டிவை வச்சுக்கிட்டு பாட்டு வாசிக்க ஒரு ராத்திரி முழுக்கப் போராடினவன் நான். வந்ததெல்லாம் ஒப்பாரிதான்.

ரெண்டு, தலையில ஒட்டியிருக்கிற வெள்ளை ஸ்டிக்கர். தொழிற்சாலையில பலகையைக் கழுவும்போது உள்ள தண்ணி போகாம இருக்க ஒட்டினது அது. கழுவினப்புறம் எடுத்துடுன்னு அதுலயே எழுதியிருக்கும். நான் ஏதோ வாரன்டி ஸ்டிக்கர்னு நினைச்சு மூணு மாசம் பத்திரமா வச்சிருந்தேன். ஹி ஹி.

மூணு, தலைகீழ் புத்தி. மூணு கால் மாட்யூல்ல நிறைய, கன்ட்ரோல் கால் "லோ"வுல இருக்கும்போதுதான் கத்தும். உள்ள பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்டிருக்கிறதால அப்படி. இது தெரியாம காலை அவுட்புட்டுன்னு அறிவிச்சா, அந்தக் கால் தானாவே "லோ"வுல நிக்கும். கரண்ட் வந்த உடனே வீடே அதிரும். யூனோ மாதிரி பலகைகள்ல வழி ரொம்ப சுலபம். முதல்ல அந்தக் காலுக்கு "ஹை"ன்னு எழுதிட்டு, அப்புறமா அவுட்புட்டுன்னு அறிவிங்க. வரிசையை மாத்தினாப் போதும்.

நாலு, இதே மாட்யூலை 5 வோல்ட்ல ஓட்டி, கன்ட்ரோல் காலை ஈஎஸ்பி8266 மாதிரி 3.3 வோல்ட் பலகையில கொடுத்தா சில சமயம் வாயை மூடவே மூடாது. 3.3 வோல்ட் "ஹை" அந்த டிரான்சிஸ்டரை முழுசா அணைக்கப் பத்தாது. மாட்யூலுக்கும் 3.3 வோல்ட்டே கொடுத்துட்டா அடங்கிடும். சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இதுக்காக மாட்யூலே வேணாம்னு சொல்லல. வெறும் பஸ்ஸரை நேரா காலில் சொருகுறதுக்கு மாட்யூல் எவ்வளவோ தேவலை. 12 மில்லிமீட்டர் 5 வோல்ட் பஸ்ஸர் 30 மில்லிஆம்பியர் வரைக்கும் இழுக்கும். யூனோ ஆர்3யோட ஒரு கால்ல இருந்து 20 மில்லிஆம்பியருக்குள்ள எடுக்கிறதுதான் மரியாதை. 40ங்கிறது தாண்டவே கூடாத எல்லை. மாட்யூல்ல அந்தச் சுமையை டிரான்சிஸ்டர் தாங்கிக்கும்.

சரி, இதெல்லாம் எங்க தேடினாலும் கிடைக்கும். இனிமே கதை.

எங்க வீடு பாளையங்கோட்டைப் பக்கம். கீழ தொட்டி, மாடியில 1000 லிட்டர் டேங்க், நடுவுல மோட்டார். அப்பாவுக்கு 78 வயசு. மோட்டார் போடுறது, அணைக்கிறது ரெண்டும் அவரு டிபார்ட்மென்ட். டேங்க் நிறைய கிட்டத்தட்ட 25 நிமிசம் ஆகும். அதுக்குள்ள பேப்பர்ல மூழ்கிடுவாரு. தண்ணி நிறைஞ்சு, வழிஞ்சு, பக்கத்து வீட்டுச் சுவரு வரைக்கும் நனைஞ்சு, அவங்க வந்து சொன்னப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். அதுவும் கோடையில! தாமிரபரணித் தண்ணி குடிக்கிற ஊருல தண்ணியை வீணாக்கினா ஊரே ஒரு மாதிரிதான் பார்க்கும்.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. லீவுக்கு அவளுக்கு ஒரு ஆர்டுயினோ கிட் வாங்கிக் கொடுத்திருந்தேன். "தாத்தாவுக்கு அலாரம் செய்வோம்பா"ன்னு அவதான் ஆரம்பிச்சா. டேங்க்குல ஒரு மிதவை சுவிட்ச், மாடியில இருந்து ரெண்டு ஒயரு, கீழ ஹால்ல ஆர்டுயினோ, அதுல ஒரு பஸ்ஸர் மாட்யூல். தண்ணி நிறைஞ்சா மிதவை தூக்கும், பஸ்ஸர் கத்தும். அவளோட முதல் உருப்படியான பிராஜெக்ட். சோதிச்சுப் பார்த்தப்போ தங்கமணி அடுக்களையில இருந்து "காது கிழியுது, நிறுத்துங்க"ன்னு கத்தினாங்க. அதை விடப் பெரிய சர்டிஃபிகேட் வேணுமா? எனக்கும் பொண்ணுக்கும் ஒரே பெருமை.

அடுத்த நாளே டேங்க் வழிஞ்சது.

நான் கடைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன். வாசல்லயே பஸ்ஸர் சத்தம் கேக்குது. உள்ள போனா, பஸ்ஸருக்கு மூணு மீட்டர் தள்ளி நாற்காலியில அப்பா. கையில பேப்பர். டிவி பாட்டுக்கு ஓடுது. மாடியில இருந்து தண்ணி கொட்டுது.

"என்னப்பா இது, இவ்வளவு கத்துது, கவனிக்க மாட்டீங்களா?"

"என்ன கத்துது? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலய்யா."

நான் நம்பல. மறந்துட்டு சமாளிக்கிறாருன்னுதான் நினைச்சேன். "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போயி மோட்டாரை அணைச்சாரு.

அந்த வாரத்துல இன்னும் ரெண்டு தடவை இதே கூத்து. தங்கமணி கூட, "மாமா, அது கத்துதுல்லா, கொஞ்சம் பாக்கப்படாதா?"ன்னு தன்மையா சொல்லிப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் வழியிறது சுத்தமா நின்னு போச்சு. ஆகா, அலாரம் வேலை செய்யுதுன்னு நானும் நினைச்சேன்.

ஒரு நாள் பொண்ணு வந்து சொன்னா. "அப்பா, தாத்தா மோட்டார் போட்டா மொட்டை மாடிக்குப் போயி டேங்க் பக்கத்துலயே நிக்காங்கப்பா. நிறையற வரைக்கும்."

78 வயசு ஆளு. மூட்டு வலிக்காரரு. வெயில்ல. 25 நிமிசம். திட்டு வாங்கக் கூடாதுன்னு.

அடுத்து அவ சொன்னதுதான் எனக்கு உறைச்சது. "தாத்தா பொய் சொல்லலப்பா. நான் பின்னாடி நின்னு பஸ்ஸரை அடிச்சுப் பாத்தேன். அவங்க திரும்பவே இல்ல. 'தாத்தா'ன்னு கூப்பிட்டேன், உடனே திரும்பிட்டாங்க."

பாருங்க, நான் செய்ய வேண்டிய சோதனையை ஏழாவது படிக்கிற பிள்ளை செஞ்சிருக்கு.

காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். முதல்ல அழுக்கு அடைச்சிருக்கான்னு பார்த்தாங்க, இல்ல. அப்புறம் கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார வச்சு, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியா கொடுத்து வரைபடம் எடுத்தாங்க. 500 ஹெர்ட்ஸ்ல பெரிய குறை இல்ல. 1000 தாண்டினதும் கோடு கீழ இறங்க ஆரம்பிக்குது. 2000ல 50 டெசிபல் குறை. 4000ல 65. சறுக்குமரம் மாதிரி ஒரு கோடு. வயசானா பெரும்பாலும் மேல் சுருதிதான் முதல்ல போகுமாம். மனுசக் குரலோட அடிப்படைச் சுருதி சில நூறு ஹெர்ட்ஸுக்குள்ளதான். அதனால பேசுறது அவருக்குக் கேக்கும். ஆனா ச, த, ப மாதிரி எழுத்துகளோட கூர்மையான பகுதி மேல் சுருதியில இருக்கு. அது தேஞ்சு போகும். "கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு விளங்கல"ன்னு அப்பா அடிக்கடி சொன்னதோட அர்த்தம் அன்னிக்குத்தான் புரிஞ்சது. நாங்களோ "எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்ல வைக்காரு"ன்னு அலுத்துக்கிட்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து பஸ்ஸரோட விவரத்தாளை எடுத்தேன். சுருதி, 2300 ஹெர்ட்ஸ் பக்கத்துல. சரியா அப்பாவோட கோடு சரியிற இடம். சத்தம், 85 டெசிபல். ஆனா பக்கத்துலயே சின்னதா "10 சென்டிமீட்டரில்"னு போட்டிருக்கு. யாரு பஸ்ஸர்ல இருந்து 10 சென்டிமீட்டர்ல காதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா? திறந்த வெளியில தூரம் பத்து மடங்கானா 20 டெசிபல் குறையும். ஒரு மீட்டர்ல 65. மூணு மீட்டர்ல 55 சொச்சம். வீட்டுக்குள்ள சுவரு எதிரொலிச்சு கொஞ்சம் கூடலாம். சாதாரணமாப் பேசுறதே ஒரு மீட்டர்ல 60 பக்கம் வரும். அப்படின்னா மூணு மீட்டர்ல, டிவியும் ஓடும்போது, 50 டெசிபல் குறை உள்ள காதுக்கு அந்தப் பஸ்ஸர் இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணுதான்.

நான் சோதிச்சது என் காதை வச்சு. என் காதுக்குக் கேட்டா ஊருக்கே கேட்ட மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன். தங்கமணி காதைப் பொத்தினதை சர்டிஃபிகேட்டா எடுத்துக்கிட்டேன். யாருக்காகச் செஞ்சேனோ அவரை மட்டும் கேக்கவே இல்ல.

தேடிப் பார்த்தா, இதைப் பத்தி பெரிய அளவுல யோசிச்சு விதியே போட்டிருக்காங்க. வழக்கமான புகை அலாரம் 3100 ஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தும். காது மந்தமானவங்க தூக்கத்துல அதைக் கேட்டு எழுந்திரிக்கிறது கஷ்டம்னு ஆராய்ச்சியில தெரிய வந்துச்சு. 520 ஹெர்ட்ஸ் சதுர அலைக்கு எழுந்தவங்க அதிகம். அதனால அமெரிக்காவோட என்எஃப்பிஏ 72ங்கிற தீ எச்சரிக்கை விதிநூல், ஹோட்டல் மாதிரி கட்டடங்கள்ல தூங்குற அறைக்குள்ள வைக்கிற ஒலிப்பான்களுக்கு 2014 ஆரம்பத்துல இருந்து இந்தத் தாழ்ந்த ஒலியைத்தான் கேக்குது. அதாவது, கேக்காதவன் மேல பழி போடல. சத்தத்தை மாத்தினாங்க.

நாங்களும் மாத்தினோம். முதல்ல பாஸிவ் பஸ்ஸர்ல 520 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்த்தோம். கொசு மாதிரி முனகுச்சு. அந்தக் குட்டித் தகடு 2000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் நல்லா அதிரும், தாழ்ந்த சுருதிக்கு அதுக்கு உடம்பு பத்தாது. அப்புறம் பரண்ல கிடந்த அப்பாவோட பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஞாபகம் வந்துச்சு. செத்துப் போயி பல வருசம். அதோட 8 ஓம் ஸ்பீக்கர் மட்டும் உசிரோட இருந்துச்சு. ஆர்டுயினோ காலுக்கும் எஸ்எல்100 டிரான்சிஸ்டரோட பேஸுக்கும் நடுவுல 1 கிலோ ஓம், ஸ்பீக்கரோட தொடரா 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டர், குறுக்கே தலைகீழா ஒரு டையோடு. நிரல்ல டோன் கட்டளைக்கு 520. ஆர்டுயினோ அதுல கொடுக்கிறதே சதுர அலைதான், அதனால தனியா எதுவும் செய்ய வேண்டியதில்ல. ஸ்பீக்கரை வெறுமனே தொங்க விட்டா முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில ஓட்டை போட்டுப் பதிச்சதும் சத்தம் கும்முன்னு வந்துச்சு.

விடாமக் கத்தினா காது பழகிப் போயிடும். அதனால மூணு தடவை கத்தி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூணுன்னு வச்சோம். கூடவே அப்பா நாற்காலிக்கு எதிர்ச் சுவத்துல ஒரு பெரிய சிவப்பு எல்ஈடி.

இந்தத் தடவை சோதனை எலி நானில்ல. அப்பாவை நாற்காலியில உட்கார வச்சு, டிவியை ஓட விட்டு, ஒண்ணும் சொல்லாம, பொண்ணு மாடியில போயி மிதவையைத் தூக்கினா.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினாரு. "ஏல, வாசல்ல எவம்ல ஹாரன் அடிக்கான்?"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என்னமோ மாதிரியும் ஆயிடுச்சு. அவருகிட்ட மன்னிப்புன்னு வாய் விட்டுக் கேக்கல. எங்க ஊருல அப்பா பிள்ளை அப்படியெல்லாம் பேசிக்கிறதில்லையே. "இனிமே மாடிக்கு ஏற வேண்டாம்பா"ன்னு மட்டும் சொன்னேன். "சரிய்யா"ன்னாரு. காதுல மாட்டுற மெஷினுக்கும் அளவு கொடுத்திருக்கு, அது தனிக் கதை.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். "புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குய்யா? ஒரு 'பீப்' வந்தா சந்தோசப்பட்டுட்டுப் போகட்டுமே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். முதல் நாள் 'பீப்' போதும். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க நான் யாரு? ஆனா எல்ஈடி மின்னுறதுக்கும் பஸ்ஸர் கத்துறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. எல்ஈடியைப் பார்க்கிறவன் பார்ப்பான், இல்லாட்டிப் போவான். பஸ்ஸர் அப்படியில்ல. இன்னொரு மனுசனைக் கூப்பிடத்தான் அது இருக்கு. கூப்பிட்டது அவனுக்குப் போய்ச் சேரலைன்னா, ஒயரெல்லாம் சரியா இருந்தாலும் பிராஜெக்ட் தோல்விதான். இந்த ஒரு பாடத்தை இவ்வளவு மலிவாச் சொல்லித்தர வேற சாமான் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அந்தப் பாடத்தை விட்டுட்டு "5 வோல்ட் இங்க, கிரவுண்ட் அங்க"ன்னு முடிச்சுடறோமே, அதுதான் என் ஆதங்கம்.

அதனால பிள்ளைகளுக்குச் சொல்லித்தர்றவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். 'பீப்' வந்ததும் கைதட்டுங்க. அடுத்த நிமிசமே மூணு கேள்வி கேளுங்க. இது யாருக்குக் கேக்கணும்? அவங்க எங்க உட்கார்ந்திருப்பாங்க? அவங்களுக்குக் கேக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? மூணாவது கேள்விக்குப் பதில் விவரத்தாள்ல இருக்காது. அந்த ஆளுகிட்டதான் இருக்கும்.

உங்க வீட்டுலயும் பெரியவங்க இருந்தா, இன்னிக்கே அவங்க பின்னாடி நின்னு மிக்ஸி சத்தம் இல்லாத நேரத்துல ஒரு பஸ்ஸரை அடிச்சுப் பாருங்க. திரும்பலைன்னா திட்டாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என்ன ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. "மொக்கைப் பதிவு"ன்னு சொல்றதா இருந்தாலும் தாராளமா சொல்லலாம் :-)

பி.கு: மிதவையில இருந்து வர்ற ரெண்டு ஒயரும் 5 வோல்ட் சமாசாரம் மட்டும்தான். மோட்டாரோட 230 வோல்ட் லைன் பக்கம் நானும் போகல, பொண்ணையும் விடல. அதைத் தானா அணைய வைக்கணும்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. வீரம் வேண்டாம்.